சிந்துறதை எடுத்துக்குங்க

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்து எழுந்தவருக்கு முதலில் கண்ணில் பட்டது டம்ளர்தான். படுக்கப் போகும்போது மனைவி அதை விளிம்புவரை நிரப்பி, ஒரு தட்டால் மூடி, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு இல்லை. காலியாக இருந்ததுகூடப் பெரிய விஷயமில்லை. துணியால் துடைத்து வெயிலில் காயவைத்த மாதிரி அடிவரை உலர்ந்திருந்தது.

"இதுல இருந்த தண்ணிய நீ குடிச்சியா?"

"உங்க டம்ளர்ல நான் எதுக்குங்க குடிக்கப் போறேன்? தூக்கக் கலக்கத்துல நீங்களே குடிச்சிருப்பீங்க" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

குடித்திருந்தால் நாக்கு இப்படி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்காது. ஆனால் அதைச் சொன்னால் அவள் ஏதாவது சொல்வாள் என்று தானே எழுந்து போய் ஜாடியைத் தூக்கி அண்ணாந்து குடித்தார். தண்ணீர் தொண்டை வழியாக இறங்குவது தெரிந்தது. எங்கேயும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

சுற்று வட்டாரத்தில் எல்லோரும் அவரைத் தண்ணிக்காரர் என்பார்கள். ரயில் நின்றுபோய்ப் பல வருஷமான இந்தச் சின்ன ஸ்டேஷனை அவர் குத்தகைக்கு எடுத்தபோது, பேயும் குடியிருக்காத கட்டடத்தை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று சிரித்தவர்கள் உண்டு. அவர் கண் வைத்தது கட்டடத்தின் மேல் அல்ல, அதன் பின்னால் வேலிக்குள் இருந்த கிணற்றின் மேல். எந்தக் கோடையிலும் வற்றாத கிணறு. மோட்டார் போட்டார், டேங்கர் லாரி வாங்கினார், நகரத்து ஓட்டல்களுக்கும் மண்டபங்களுக்கும் தண்ணீர் விற்றார். ஸ்டேஷன் மாஸ்டர் அறை அவருடைய படுக்கையறை ஆயிற்று. பயணிகள் காத்திருக்கும் கூடத்தில் குழாய்ச் சுருள்களும் டீசல் கேன்களும் கிடந்தன. டிக்கெட் கொடுக்கிற அறைதான் ஆபீஸ். கூடத்தைப் பார்த்த அந்த அரைவட்ட ஜன்னலுக்குப் பின்னால், கையை மட்டும் நுழைக்கிற அளவு இடைவெளிக்குப் பின்னால் உட்கார்ந்து ஆர்டர் எடுப்பது அவருக்குப் பிடித்திருந்தது. எதிரில் நிற்பவர் கொஞ்சம் குனிந்துதான் பேச வேண்டும்.

அந்தக் கோடையில் ஊரின் அடிபம்புகள் எல்லாம் காற்றைத்தான் இறைத்தன. பெண்கள் குடங்களோடு வந்து பிளாட்பாரத்தில் நின்றார்கள். அவர்களில் உயரமான ஒருத்தி, நெட்டையக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிறவள், ஜன்னலில் குனிந்து கேட்டாள்.

"வீட்டுக்கு ஒரு குடம் போதுங்க. குழந்தைங்க இருக்கு."

"குழாயில புடிக்க விட்டா இன்னைக்கு ஒரு குடம்பீங்க, நாளைக்கு அண்டாவோட வருவீங்க. லாரி நிரப்பும்போது கீழ சிந்துதில்ல? சிந்துறதை எடுத்துக்குங்க. நானா வேணாங்கிறேன்?"

அப்படிச் சொன்னதில் அவருக்குத் தன்மேல் நல்ல அபிப்பிராயமே வந்தது.

டேங்கரின் அடியில் ஒரு வால்வு பழுது. நிரம்ப நிரம்ப அது சொட்டும், சில நேரம் நூல் மாதிரி ஒழுகும். பெண்கள் சக்கரங்களுக்கு நடுவே தவழ்ந்து போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நீலமும் பச்சையுமான பிளாஸ்டிக் குடங்களை ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு அந்தச் சொட்டைப் பிடிப்பார்கள். லாரி ஓட்டுகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். சின்னது பெரிது எல்லோருக்கும் அவர் சித்தப்பாதான். வண்டியை எடுக்குமுன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பக்கவாட்டில் கையால் தட்டி, குனிந்து பார்ப்பார்.

"எல்லாரும் வந்தாச்சா? யாராச்சும் மாமியார் வீட்டுக்குப் போன மாதிரி உள்ளயே உக்காந்திருக்கீங்களா?"

சிரிப்புச் சத்தம் வெளியே வந்த பிறகுதான் சாவியைத் திருகுவார். தினமும் இந்தக் கூத்து. தினமும் தாமதம்.

"ஹாரன் அடிச்சா வந்துட்டுப் போறாங்க. நீ என்னய்யா, கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி அழைச்சுக்கிட்டு இருக்க?" என்று ஒரு நாள் தண்ணிக்காரர் கடிந்துகொண்டார்.

சித்தப்பா பிளாட்பாரத்தின் கோடியில் நின்ற இரும்புத் தூணைப் பார்த்தார். தலையில் வளைந்த தடிமனான குழாய். யானை தும்பிக்கையை நீட்டிக்கொண்டு நிற்பதுபோல, புல் மூடிய தண்டவாளத்துக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது.

"முதலாளி, இந்த ஸ்டேஷன் எதுக்கு இங்க வந்துச்சு தெரியுமா? ஏற இறங்க ஆளு இருந்துச்சா? கெடையாது. கரி எஞ்சினுக்குத் தாகம் எடுக்கிற இடம் இது. அவ்வளவுதான். கிணறு ஊர்க் கிணறு. ரயில் பாதை போட அளந்துகிட்டே வந்தவங்க அதை வேலிக்குள்ள போட்டுக்கிட்டாங்க. அந்தக் குழாய் வழியாத்தான் எஞ்சினுக்கு ஊத்துவாங்க."

"சரி, அதுக்கென்ன?"

"மழையில்லாத ஒரு வருஷம், பொம்பளைங்க குடத்தோட வந்து நின்னாங்களாம். ஸ்டேஷன் மாஸ்டர் கெட்டவர் இல்ல. மரியாதையாத்தான் பேசுவாராம். எஞ்சினுக்கு ஊத்தும்போது கீழ சிந்துது பாருங்க, அதை எடுத்துக்குங்கன்னாராம்."

தண்ணிக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். சித்தப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எஞ்சினுக்கு அடியில, தண்டவாளத்துக்கு நடுவுல உக்காந்து புடிப்பாங்களாம். ஒரு நாள் சாயங்காலம் வண்டி லேட்டு. அதுல பெரிய அதிகாரி யாரோ வந்திருக்காரு. மாஸ்டர் பச்சைக் கொடியக் காட்டிட்டாரு. உள்ள ஆளுங்க இருக்கிறது அவருக்குத் தெரியும். வந்துடுவாங்கன்னு நெனச்சாராம்."

"அப்புறம்?"

"மண்குடம் உடையிற சத்தம்தான் முதல்ல கேட்டுச்சாம். எங்க அம்மாவோட பெரியம்மா அதுல ஒருத்தங்க. விசாரணை நடந்துச்சு. அத்துமீறி நுழைஞ்சவங்கன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. மாஸ்டருக்குப் பெரிய ஸ்டேஷனாப் பாத்து மாத்தல். பேரன் பேத்தி எடுத்து, மெத்தையில படுத்துத்தான் செத்தாரு." சித்தப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "அவங்க கோவத்துக்கு ஆளு கெடைக்கல. அது இங்கதான் எங்கயோ உக்காந்திருக்கு."

"நல்லவேளை, எங்கிட்ட கொடி இல்ல" என்றார் தண்ணிக்காரர். சித்தப்பா சிரிக்கவில்லை.

தாகம் அடங்கவில்லை. ஜாடி ஜாடியாகக் குடித்தார். குடிக்கக் குடிக்க உதடு வெடித்தது, பேசும்போது வாயோரத்தில் வெள்ளையாகப் படிந்தது, விடியற்காலையில் எழுந்தால் கண் இமைகள்கூட ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிய மறுத்தன. சர்க்கரையாகத்தான் இருக்கும் என்று மனைவி இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"உங்க உடம்புல இனிப்பா ஒண்ணும் இல்லைன்னு எனக்கு எப்பவோ தெரியும்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். "என்னங்க இது, தோலு இப்படித் தொளதொளன்னு கெடக்கு?"

அந்தி நேரங்களில் வேறொன்றும் ஆரம்பித்திருந்தது. மோட்டாரை நிறுத்தி, அதன் கடகடப்பு காதிலிருந்து மெல்ல வடிந்து, டீசல் நாற்றத்துக்கு அடியிலிருந்து நனைந்த கரியும் சாம்பலும் கலந்த ஒரு பழைய வாடை எழும் அந்தக் கொஞ்ச நேரத்தில், பிளாட்பாரக் கல்லின் மேல் யாரோ குடத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்கும். ஒன்று. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. பிளாஸ்டிக் குடம் கல்லில் பட்டால் எப்படிச் சத்தம் வரும் என்று அவருக்குத் தெரியும். இது வேறு. கனமாக, மந்தமாக, உள்ளே காற்று முனகுவதுபோல. வெளியே வந்து பார்த்தால் நீண்ட காலிப் பிளாட்பாரம், வேலி, வேலிக்கு அப்பால் காய்ந்த நிலம். உள்ளே திரும்பினால் காத்திருக்கும் கூடத்தின் இருட்டில், குழாய்ச் சுருள்களுக்குப் பின்னால், பல தொண்டைகள் வெறுமனே எச்சில் விழுங்குகிற ஒலி. எச்சில் இல்லாமல் விழுங்குகிற ஒலி.

எலி என்று சொல்லிக்கொண்டார். எலி எப்போது எச்சில் விழுங்கியது?

வெகு நாள் போகவில்லை. மண்டபம் ஒன்றுக்கு அவசரமாகத் தண்ணீர் போக வேண்டிய ஒரு சாயங்காலம், சித்தப்பா வழக்கம்போல லாரியைச் சுற்றி வந்தார், தட்டினார், குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"முதலாளி. ஆளுங்க அதிகமா இருக்காங்க."

"யாரு?"

"தெரியல. நம்ம ஊரு ஆளுங்க இல்ல. கூப்பிட்டேன். ஒருத்தரும் திரும்பல."

"திரும்பாட்டிப் போறாங்க. வண்டிய எடு."

சித்தப்பா சாவியை பெஞ்சில் வைத்தார். ரொம்ப மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார்.

"நீங்களும் எடுக்காதீங்க. ஒங்க புள்ள மாதிரி கேட்டுக்கிறேன்" என்றார் தன்னைவிட இளையவரிடம். வேலியைத் தாண்டும்வரை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

தண்ணிக்காரரும் குனிந்து பார்க்கவில்லை. ஏன் என்று அவரே கேட்டுக்கொள்ளவில்லை. அன்று தண்ணீர் போகவில்லை. மண்டபத்துக்காரர் போனில் பேசிய பேச்சு இரவெல்லாம் காதில் இருந்தது.

அந்தக் கோபம் மறுநாள் காலை மனைவியின் மேல் திரும்பியது. பின்வாசலில் ஈரம் கிடந்தது. அவருக்குத் தெரியாமல் அவள் ஊர்ப் பெண்களுக்குத் தண்ணீர் கொடுத்து வந்திருக்கிறாள்.

"எந்த வீட்டுத் தண்ணின்னு நெனச்ச?"

"அந்தக் கிணறு நீங்க வெட்டினதா? குடிக்கிற தண்ணிங்க! கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லிட்டு நீங்க பானை பானையா குடிக்கிறீங்களே, தொண்டையில நிக்குதா பாருங்க!"

அவர் கை ஓங்கிவிட்டார். அடிக்கவில்லை. ஆனால் அவள் அந்தக் கையை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் புறப்பட்டாள். போகும்போது ஸ்டூலின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் மூடி வைத்துவிட்டுத்தான் போனாள். அவள் வேலியைத் தாண்டுமுன் அது காய்ந்துபோயிருந்தது.

சாயங்காலம் லாரி நிரம்பிக்கொண்டிருந்தது. அவரே ஓட்டிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. மண்டபத்துக்காரர் ஒரு வாய்ப்புதான் கொடுத்திருந்தார். வானம் செம்மண் நிறத்தில் கிடந்தது. காற்று இல்லை. மோட்டாரை நிறுத்தி, குழாயைக் கழற்றி, மூடியை இறுக்கும்போது கீழே சலசலப்புக் கேட்டது. துணி உரசுகிற சத்தம். குடங்கள் இடிபடுகிற சத்தம். மந்தமாக.

"வண்டிய எடுக்கப் போறேன். வெளிய வாங்க!"

சலசலப்பு நின்றது. யாரும் வரவில்லை.

ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங் சூடாக இருந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தார். பின் சக்கரத்துக்கு முன்னால், லாரியின் நிழலுக்குள், வரிசையாக முதுகுகள். குனிந்த கழுத்துகள். அழுத்தி முடிந்த கொண்டைகள். அந்தத் துணிகளில் நிறமே இல்லை. குடங்களில் நீலம் இல்லை, பச்சை இல்லை. எல்லாம் ஒரே கருமண் நிறம்.

ஹாரன் அடித்தார். இன்னொரு தடவை, நீளமாக. ஒரு தலையும் திரும்பவில்லை.

வீம்பு. வேறென்ன? தன்னைப் பணிய வைக்கப் பார்க்கிறார்கள். சித்தப்பா சொல்லிக் கொடுத்திருப்பான். மனைவிக்கும் பங்கு இருக்கும். தொண்டை எரிந்தது. நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது. இந்தப் பிடிவாதக் கழுத்துகளைப் பார்க்கப் பார்க்க, இதற்கு முன் யார் மேலும் வராத ஒரு வெறுப்பு வந்தது. வண்டி அசைந்தால் வந்துவிடுவார்கள்.

வந்துவிடுவார்கள்.

கிளட்ச்சை விட்டார்.

லாரி முன்னால் போனது. பின் சக்கரம் எதன் மேலோ ஏறியது. இறங்கியது. ஏறியது. மண்குடம் உடைகிற சத்தம். ஒன்றன்பின் ஒன்றாக. யாரும் அலறவில்லை.

இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வியர்க்க வேண்டும், வியர்க்கவில்லை. முதலில் வந்த நினைப்பு, யாராவது பார்த்திருப்பார்களா. அடுத்தது வாய்விட்டே வந்தது.

"வேலி போட்டிருக்கு. அவங்கதான் அத்துமீறி நுழைஞ்சாங்க."

சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி.

"சாப்டீங்களா?" குரலில் இன்னும் கோபம் இருந்தது. "சாப்பாட்ட எடுத்து வெக்காம வந்துட்டேன், அதான். பஸ்ல நெட்டையக்காவைப் பாத்தேங்க. ஊருக்கே இப்ப தெருவுக்குத் தெரு பஞ்சாயத்துத் தண்ணி லாரி வருதாம். வாரக்கணக்காச்சாம். பின்வாசலுக்கு ரெண்டு வயசானவங்கதான் வருவாங்க. நம்ம லாரிப் பக்கம் ஒருத்தரும் வர்றதே இல்லையாமே? நீங்க என்னமோ தினம் கூட்டம் கூட்டம்னு எரிஞ்சு விழுந்தீங்க… ஏங்க? ஏங்க, கேக்குதா?"

பேச வாயைத் திறந்தார். நாக்கு அசையவில்லை. போன் மடியில் விழுந்து, பிரேக்குக்கு அடியில் போய், அங்கேயே கொஞ்ச நேரம் "ஏங்க… ஏங்க…" என்று கூப்பிட்டுவிட்டு அணைந்தது.

இறங்கினார். குனிந்து பார்த்தார்.

ஒன்றுமில்லை. ஓர் ஓடு இல்லை. ஒரு துணி இல்லை. வால்வு ஒழுகிய இடம்கூட ஈரமாக இல்லை. மண் வெடித்துக் கிடந்தது.

டேங்கரைத் தட்டிப் பார்த்தார். வெறும் தகரமாக ஒலித்தது.

பிளாட்பாரத்தில் குடம் வைக்கிற சத்தம்.

ஓடினார். கூடத்தைக் கடந்து ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தாழ் போட்டார். மேஜைக்கு அடியில் தண்ணீர்க் கேன். தூக்கிக் கவிழ்த்தார். காற்று வந்தது. ஜாடி. காற்று. மேஜை மேல் முந்தாநாள் டீயின் மிச்சம். டம்ளரில் நாக்கை விட்டு நக்கினார். பொடி.

கூடத்தில் காலடிகள். வெறுங்கால்கள். அவசரம் இல்லாத கால்கள். ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. விழுங்கும் ஒலி. நனைந்த கரியின் வாடை.

கதவை யாரும் தட்டவில்லை.

டிக்கெட் ஜன்னலின் இடைவெளி வழியாக ஒரு கை வந்தது. பெண்ணின் கை. புறங்கை நசுங்கியிருந்தது. விரல்கள் இருக்க வேண்டிய வரிசையில் இல்லை. அது உள்ளங்கையை மேலே திருப்பிக் காத்திருந்தது. தண்ணீர் கேட்கிற கை எப்படி இருக்குமோ அப்படி.

"இல்ல" என்றார். சத்தம் வரவில்லை. "எங்கிட்ட இல்ல."

அவர் பின்னால் நகரவில்லை. நகர முடியாமல் இல்லை. கால்கள்தான் முன்னால் போயின. மேஜையைச் சுற்றிப் போயின. நாற்காலியில் உட்கார வைத்தன. தினமும் உட்காரும் இடம். கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. மெதுவாக. குழந்தையின் கையைப் பிடிக்கிற மாதிரி. இடைவெளி வழியாக வெளியே இழுத்தது. விரல்களைக் கீழ்நோக்கிப் பிடித்தது.

சொட்டு.

வலி இல்லை. ரத்தம் இல்லை. நகக்கண்களிலிருந்து தெளிந்த தண்ணீர். முதலில் சொட்டாக, பிறகு நூலாக. குடத்தின் அடியில் விழுந்து ஒலித்தது. குடம் நிறைய நிறைய அந்த ஒலி மாறிக்கொண்டே வந்தது. ஒரு குடம் நகர்ந்தது. அடுத்த குடம் வந்தது.

ஜன்னலின் மங்கிய கண்ணாடி வழியாக அவர் பார்த்தார். கண்ணைத் திருப்ப முடியவில்லை. விழிகள் குழிக்குள் உலர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. கூடம் நிறைய அவர்கள். வரிசையாக. இடுப்பில் குடம். நசுங்கிய தோள்களின் மேல் சாய்ந்த தலைகள். வரிசை கூடத்து வாசலைத் தாண்டி, பிளாட்பாரத்தைத் தாண்டி, கோடி இருட்டுவரை போயிற்று. முன்னால் நிரப்பிக்கொண்டவர்கள் வேலிப் பக்கமாக நடந்துபோனார்கள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த அவருடைய கை, சுள்ளியைப் போலச் சிறுத்துக்கொண்டிருந்தது. தோல் எலும்பின் மேல் சரசரத்தது. அழுகை வந்தது. அழுவதற்குக் கண்ணில் ஒன்றும் இருக்கவில்லை. நூல் சொட்டாயிற்று. சொட்டுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள்.

முன்னால் நின்றவள் அவர் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்தாள். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி, மெதுவாக முறுக்கிப் பார்த்தாள். பிறகு பின்னால் திரும்பிச் சொன்னாள்:

"தள்ளாதீங்கடி. இன்னும் இருக்கு."